மணிவிழாவுக்கு ஒரு பாக்கெட் வாட்ச்: ஐந்தாயிரம் ரூபாய்க்குள் எதைப் பார்த்து வாங்குவது

மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் பாக்கெட் வாட்ச் வாங்கும் யோசனை பெரும்பாலும் மூன்று சமயங்களில் வரும். அப்பாவுக்கோ மாமாவுக்கோ அறுபது நிறைந்து மாட்டுங்காவிலோ செம்பூரிலோ மணிவிழா வைக்கும்போது வரும். வங்கியிலோ ரயில்வேயிலோ முப்பது வருடம் உழைத்தவர் ஓய்வு பெறும்போது வரும். மாப்பிள்ளையிடம் கைக்கடிகாரம் ஏற்கெனவே இரண்டு இருக்கிறதே, வேறென்ன கொடுப்பது என்று பெண்வீட்டார் யோசிக்கும்போதும் வரும். செலவழிக்க நினைக்கும் தொகையும் பெரும்பாலும் ஆயிரத்திலிருந்து ஐந்தாயிரம் வரைதான். இந்தப் பணத்துக்கு நல்ல பொருள் கிடைக்கும். மூடியில் பொறித்த ரயில் எஞ்சினை மட்டும் பார்த்து வாங்கினால், மூன்றாம் மாதமே நின்றுபோய் அலமாரிக்குள் போய்விடும்.

வாங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். இதைப் பரிசாகப் பெறுபவர் தினமும் சாவி கொடுப்பாரா? காலையில் எழுந்ததும் நாள்காட்டித் தாளைக் கிழிப்பவர், பேனாவுக்கு மை ஊற்றி எழுதுபவர், பழைய ரேடியோவைத் துடைத்து வைப்பவர் என்றால் கொடுப்பார். அவருக்கு அது சந்தோஷமான வேலை. மற்ற எல்லோருக்கும் செல் போட்ட வாட்ச்தான். பதில் உறுதியாகத் தெரியவில்லை என்றாலும் செல் வாட்சே வாங்குங்கள். பாக்கெட் வாட்ச் என்றாலே சாவி கொடுப்பதாக இருக்க வேண்டும், செல் போட்டது போலி என்று சிலர் சொல்வார்கள். இரண்டாயிரம் ரூபாய்க்குக் கீழே அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அந்த விலையில் நல்ல செல் வாட்ச் செய்யலாம், நல்ல சாவி வாட்ச் செய்ய முடியாது.

செல் வாட்சில் பார்க்க வேண்டியது

உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். அதனால்தான் ஐந்நூறு ரூபாய் வாட்சும் மாதத்துக்குச் சுமார் 20 நொடிக்கு மேல் பிசகாது. நேரம் காட்டுவதில் மலிவான செல் வாட்சுக்கும் விலை கூடியதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடெல்லாம் மெஷினின் ஆயுளிலும் கேஸின் (வெளிக்கூட்டின்) உலோகத்திலும்தான்.

மெஷின் சிட்டிசன் குழுமத்தின் மியோட்டாவா, சீக்கோ குழுமத்தின் பிசி 21-ஆ என்று கேளுங்கள். மியோட்டா 2035, பிசி 21 இரண்டும் உலகம் முழுக்கப் புழங்குபவை, தாதரிலும் சயானிலும் உள்ள எந்த மெக்கானிக்குக்கும் பழக்கமானவை. பின்மூடியைத் திறந்தால் தகட்டிலேயே பெயரும் எண்ணும் இருக்கும். பெயரே இல்லாத மெஷினும் ஓடும். ஆனால் ஒருநாள் நின்றால் அதே முள்ளுக்குப் பொருந்தும் மாற்று மெஷின் தேடுவது கஷ்டம். ஒவ்வொரு மெஷினுக்கும் முள் மாட்டும் அச்சின் கனம் வேறு. தெரிந்த மெஷின் என்றால் சில நூறு ரூபாயில் முழுசாகக் கழற்றிப் புதிது போட்டுவிடலாம், டயலும் முள்ளும் மூடியில் பொறித்த பெயரும் அப்படியே இருக்கும். பரிசுப் பொருளுக்கு இது பெரிய விஷயம். இருபது வருடம் கழித்தும் அது அதே வாட்ச்தான்.

பெரும்பாலான மலிவு வாட்சுகளில் 47 மில்லிமீட்டர் கேஸுக்குள் சின்ன மெஷின் ஒன்று பிளாஸ்டிக் வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அதில் தவறில்லை. வளையம் தளர்வாக இருந்தால்தான் தொல்லை: கிரவுனை (நேரம் வைக்கவும் சாவி கொடுக்கவும் திருகும் குமிழை) இழுத்து நேரம் வைக்கும்போது டயல் முழுவதும் லேசாக ஆடும். கடையிலேயே ஒருமுறை நேரம் மாற்றிப் பாருங்கள், டயல் அசைந்தால் வேறு எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கடையில் போட்டு வரும் செல்லை நம்ப வேண்டாம். பல மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்த செல் அது, அல்லது மலிவான ஆல்கலைன் செல். ஆல்கலைன் செல்லின் மின்னழுத்தம் 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். தீர்ந்தபின் உள்ளேயே விட்டால் கசிந்து மெஷினின் செப்புச் சுருளை அரித்துவிடும். மேலே சொன்ன இரண்டு மெஷினுக்கும் எஸ்ஆர் 626 எஸ்டபிள்யூ என்ற சில்வர் ஆக்சைடு செல் பொருந்தும். 6.8 மில்லிமீட்டர் அகலம், 2.6 மில்லிமீட்டர் உயரம். அதன் 1.55 வோல்ட் கடைசிவரை ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும், இரண்டு மூன்று வருடம் தாங்கும். கொடுப்பதற்கு முந்தைய வாரம் புது செல் போட்டு, போட்ட தேதியைச் சின்னத் தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள்.

சாவி வாட்ச் என்றால்

பதில் "கொடுப்பார்" என்றிருந்தால் மேலே போகலாம். மெக்கானிக்கிடம் "சாபிவாலி கடி" என்று சொன்னால் மும்பையில் எங்கும் புரியும். புதிதாக வரும் மலிவான சாவி வாட்சுகள் பெரும்பாலும் பெயரில்லாத சீன மெஷின் போட்டவை. டயலுக்கு நடுவே ஓட்டை விட்டுச் சக்கரங்கள் தெரியும்படி செய்திருப்பார்கள். பார்க்க அழகு. ஆனால் சக்கரங்களுக்கு மேலே மெல்லிய முள் ஓடும்போது மணி என்ன என்று கண்டுபிடிப்பதே சிரமம். அறுபது வயதுக் கண்ணுக்கு இதை வாங்கவே கூடாது என்பேன். வெள்ளை டயல், கறுப்பு முள், 1 முதல் 12 வரை முழு எண்கள், கீழே சின்ன நொடி வட்டம். இதைவிட நல்ல வடிவம் பாக்கெட் வாட்சுக்கு இதுவரை வரவில்லை.

கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் மூன்று வழி. சுவிஸ் யூனிடாஸ் 6497, 6498 மெஷின்களின் அமைப்பைப் பின்பற்றிச் சீனாவின் சீகல் நிறுவனம் செய்யும் எஸ்டி 36 வகை ஒன்று. அகலம் 36.6 மில்லிமீட்டர், அச்சுகள் தேயாமல் சுழல 17 கல், நிஜமாகவே பாக்கெட் வாட்சுக்காகப் பிறந்த அளவு. 6497-ல் நொடி வட்டம் கிரவுனுக்கு நேர் எதிரே வரும், மூடியில்லாத வாட்சுக்கானது. 6498-ல் கிரவுனுக்குச் செங்குத்தாக வரும், மூடியுள்ள பழைய பாணிக்கானது. இரண்டாவது வழி, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்து மோல்னியா. அதன் 3602 மெஷின் 18 கல் கொண்டது, மணிக்கு 18,000 துடிப்பு, முரட்டுத்தனமாக உழைக்கும். வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால் சுங்க வரியையும் தபால் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள், மலிவாகத் தெரிந்தது அப்படி இருக்காது. மூன்றாவது வழி நம் எச்எம்டி. சிட்டிசனோடு சேர்ந்து 1961-ல் பெங்களூருவில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்எம்டி, பாக்கெட் வாட்சும் செய்தது. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்த பிறகு பழைய எச்எம்டிக்கு மவுசு கூடிப் போலியும் கூடிவிட்டது. அதைக் கீழே சொல்கிறேன்.

சாவி வாட்சைச் சோதிக்க ஒருநாள் போதாது. கடையில் ஐந்து நிமிடம், வீட்டில் நான்கு நாள்.

கடையில்: கிரவுனைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். பற்கள் சீராக நெறுநெறுக்க வேண்டும். நடுவில் வழுக்கினால் வில்லோ அதைப் பிடிக்கும் பல்லோ தேய்ந்திருக்கிறது. பத்துத் திருப்பில் தானாக ஓடத் தொடங்க வேண்டும், குலுக்கித்தான் ஓடுகிறது என்றால் வேண்டாம். டயல் மேலே பார்க்க ஒரு நிமிடம், கீழே பார்க்க ஒரு நிமிடம், கிரவுன் மேலே இருக்கும்படி செங்குத்தாகப் பிடித்து ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். மலிவு மெஷின்கள் படுக்கவைத்தால் ஓடி, நிமிர்த்தினால் நிற்பதுண்டு. பாக்கெட்டில் வாட்ச் நிமிர்ந்துதான் இருக்கும், எனவே மூன்றாவது நிலைதான் முக்கியம். பிறகு கிரவுனை இழுத்து முள்ளைப் பன்னிரண்டு மணி நேரம் முழுசாகச் சுற்றுங்கள். மணி முள், நிமிட முள், நொடி முள் ஒன்றையொன்று தொடக்கூடாது, கண்ணாடியிலும் உரசக்கூடாது. தினம் ஏதோ ஒரே நேரத்தில் நிற்கிறது என்று வரும் வாட்சுகளில் முள்ளோடு முள் மாட்டிக்கொள்வதே பெரும்பாலும் காரணம். கிரவுனை வேகமாக இழுக்காதீர்கள். உள்ளே அதைப் பிடித்திருக்கும் சின்ன திருகாணி தளர்ந்திருந்தால் தண்டோடு கையில் வந்துவிடும்.

வீட்டில்: முழுசாகச் சாவி கொடுத்து, கைப்பேசியின் நேரத்தோடு நொடி சேர்த்து வைத்து, இருபத்து நான்கு மணி நேரம் கழித்து எவ்வளவு பிசகியது என்று குறியுங்கள். பகலில் நிமிர்த்தியும் இரவில் படுக்கவைத்தும் செய்யுங்கள், அவர் வைத்துக்கொள்ளப்போவதும் அப்படித்தான். இந்த விலையில் நாளுக்கு ஒரு நிமிடத்துக்குள் இருந்தால் நல்ல வாட்ச். தினமும் ஒரே அளவு பிந்தினால் கவலையில்லை, பேலன்ஸுக்கு (முன்னும் பின்னும் ஆடும் சக்கரத்துக்கு) மேலிருக்கும் சின்ன நெம்பை மயிரிழை நகர்த்தி மெக்கானிக் சரிசெய்துவிடுவார். அந்த நெம்பின் பக்கத்தில் எஃப், எஸ் என்றோ பழைய சுவிஸ் வாட்சில் ஏ, ஆர் என்றோ இருக்கும். ஒருநாள் முந்தி மறுநாள் பிந்தினால்தான் சிக்கல். அதை எந்த நெம்பாலும் சரிசெய்ய முடியாது, திருப்பிக் கொடுங்கள்.

திடீரென்று நாளுக்குப் பத்து நிமிடம், கால் மணி நேரம் முந்தத் தொடங்கினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். மூடியில் காந்தம் வைத்த கைப்பேசி உறை, ஒலிபெருக்கி, கைப்பையின் காந்தப் பொத்தான் எல்லாம் காரணமாகலாம். பேலன்ஸை ஆட்டும் மயிரிழை வில்லான ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளம் குறைந்ததுபோல வேலை செய்யும், துடிப்பு வேகமாகும். மெக்கானிக்கிடம் காந்தம் எடுக்கும் கருவி இருக்கும், ஒரு நிமிட வேலை. இது தெரியாமல் முழு சர்வீஸுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். அதேபோல "அதிகமாகச் சாவி கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வில் நிறைந்ததும் கிரவுன் தடுக்கும், அங்கே நிறுத்திக்கொண்டால் போதும். முழு சாவி கொடுத்தும் நிற்கும் வாட்சில் எண்ணெய் காய்ந்திருக்கிறது அல்லது அழுக்கு ஏறியிருக்கிறது.

நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் போட வேண்டும். பெயரில்லாத மெஷினுக்கு அந்தக் கூலியே வாட்சின் விலையை நெருங்கும், பல மெக்கானிக்குகள் தொடவே மாட்டார்கள். வாங்கும் முன் பக்கத்து மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மூடி, கீல், கேஸ்

மூடியே இல்லாதது, முழு மூடி, நடுவில் சின்ன ஜன்னல் விட்ட அரை மூடி என்று மூன்று வகை. பரிசு என்றதும் எல்லோர் கையும் முழு மூடிக்குத்தான் போகும், பெயர் பொறிக்க இடம் இருக்கிறதே என்று. வாங்கிக்கொள்பவருக்கு விரல்மூட்டு வலி இருந்தால் யோசியுங்கள். கிரவுனை அழுத்தித்தான் மூடி திறக்கும், சில வாட்சுகளில் அந்த அழுத்தத்துக்கு நல்ல பலம் வேண்டும். பாக்கெட் வாட்சின் கிரவுன் பெரியது என்பதால் சாவி கொடுப்பது கைக்கடிகாரத்தைவிடச் சுலபம், மூடி திறப்பதுதான் சிரமம். அவர்களுக்கு மூடியில்லாததை வாங்கி, பின்பக்கத் தகட்டில் பெயர் பொறிக்கலாம்.

மூடியை மூடும் விதத்தையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். "டக்" என்று அடித்து மூடக்கூடாது. கிரவுனை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூடியைத் தாழ்த்தி, பிறகு கிரவுனை விட வேண்டும். அடித்து மூடும் ஒவ்வொரு முறையும் மூடியின் விளிம்பும் கொக்கியும் கொஞ்சம் தேயும். ஒரு வருடத்தில் மூடி நிற்காமல் பாக்கெட்டுக்குள்ளேயே திறந்துகொள்ளும். பழைய வாட்சுகளில் மூடி தளர்ந்திருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கேஸின் உலோகத்தைக் கடைக்காரர் "ஆன்டிக் பிரான்ஸ்" என்பார். ஆயிரம் ரூபாய்க்குள் அது பெரும்பாலும் துத்தநாகக் கலவைமீது பூசிய முலாம். கையில் எடுத்தால் கனம் இருக்கும், ஆனால் கீல் உடைந்தால் பற்றவைக்க முடியாது. வியர்வை படப்பட முலாம் ஓரத்திலிருந்து வெளுக்கும், நிக்கல் ஒவ்வாதவருக்குத் தோல் அரிக்கும். பித்தளையோ எவர்சில்வரோ கிடைத்தால் முந்நூறு நானூறு கூடக் கொடுக்கலாம். கீலைப் பார்க்க, மூடியைத் திறந்து பக்கவாட்டில் மெல்ல ஆட்டுங்கள். புது வாட்சிலேயே ஆடினால் சீக்கிரம் கழன்றுவிடும்.

தண்ணீர் எதிலும் ஆகாது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாக்கெட் வாட்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கவே வேண்டாம். மழை நனைக்காவிட்டாலும் ஈரக்காற்றில் கண்ணாடியின் உட்புறம் பனி பூத்துவிடும். அந்த மாதங்களில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். நனைந்துவிட்டால் அரிசிக்குள் புதைக்கக்கூடாது, மாவும் தூசியும் உள்ளே போகும். அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறக்கச் சொல்ல வேண்டும். எஃகுப் பாகங்களில் துரு ஏற ஒரு ராத்திரி போதும்.

வேட்டியில் எங்கே மாட்டுவது

வாட்சோடு வரும் சங்கிலியின் ஒரு முனையில் குறுக்குக் கம்பி இருந்தால் அது கோட்டுக்கு உள்ளே போடும் வெயிஸ்ட்கோட்டின் பொத்தான் துளைக்கானது. நம் ஊர் அரைக்கைச் சட்டையில் அதை மாட்ட இடமே இல்லை. கொக்கி வைத்த சங்கிலியாக, 30 முதல் 38 சென்டிமீட்டர் நீளத்தில் வாங்குங்கள். கழுத்தில் போட்டுக்கொள்ளும் 80 சென்டிமீட்டர் சங்கிலி பெரியவர்களுக்குத் தேவையில்லை.

பேன்ட் போடுபவருக்குக் கொக்கி பெல்ட் வளையத்தில், வாட்ச் முன்பையில். ஜீன்ஸில் வலது பைக்குள் இருக்கும் குட்டிப் பை பாக்கெட் வாட்சுக்காகவே வந்தது, ஆனால் இன்றைய 47 மில்லிமீட்டர் வாட்ச் அதில் நுழையாமல் போகலாம், அளந்து பாருங்கள். வேட்டி கட்டுபவர் வழக்கமாகப் போடும் அகலமான பச்சை பெல்ட்டிலேயே பை உண்டு. அதில் வாட்சை வைத்துக் கொக்கியைப் பெல்ட்டின் ஓரத்தில் மாட்டினால் பாதுகாப்பாக இருக்கும். காந்தி இடுப்பில் வாட்சைத் தொங்கவிட்டிருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். உட்கார்ந்து எழுந்தால் இடித்துக்கொள்ளும் என்பதால் அது எல்லோருக்கும் தோதாகாது. ஜிப்பா போடுபவருக்குப் பக்கப் பை ஆழமானது, சங்கிலி இல்லாவிட்டால் குனியும்போது விழும். சங்கிலி அலங்காரத்துக்கு மட்டும் இல்லை. பழைய மெஷின்களில் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு இருக்காது, இடுப்பு உயரத்திலிருந்து மொசைக் தரையில் ஒருமுறை விழுந்தாலே பேலன்ஸின் அச்சு முறியும். புதிதாகச் செய்து போடும் மெக்கானிக் இப்போது அபூர்வம்.

லோக்கல் ரயிலில் போகும்போது சங்கிலி வெளியே தெரியக்கூடாது. கூட்டத்தில் அடுத்தவர் பையின் வாரில் மாட்டினால் வளையம் திறந்துகொள்ளும். மலிவுச் சங்கிலிகளில் வளையங்களின் வாய் பற்றவைக்காமல் நெருக்கி மட்டும் விட்டிருப்பார்கள். இரண்டு கையாலும் பிடித்து ஓரளவு பலமாக இழுத்துப் பாருங்கள். எங்காவது இடைவெளி தெரிந்தால் சங்கிலியைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பலர் வாட்சைச் சட்டையில் வைத்துக்கொள்ளவே மாட்டார்கள், மேசைமேல் வைத்துப் பார்ப்பார்கள். அதற்கு வளைந்த கொம்பு வைத்த சின்ன மர ஸ்டாண்ட் கிடைக்கும். ஓய்வு பெறுபவருக்குக் கொடுப்பதாக இருந்தால் விலை கூடிய வாட்சைவிட, அடக்கமான வாட்சும் ஒரு ஸ்டாண்டும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. கண்ணில் படும் இடத்தில் இருக்கும் வாட்சுக்குத்தான் சாவி கொடுக்க நினைவிருக்கும்.

தமிழில் பெயர் பொறிக்க

தோபி தலாவ் பக்கத்துக் கோப்பைக் கடைகளிலும் புறநகர் ரப்பர் ஸ்டாம்ப் கடைகளிலும் லேசரில் பொறித்துத் தருவார்கள். ஆங்கில எழுத்தில் பிரச்சினை வராது. தமிழில்தான் வரும். அவர்கள் கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்பு வைத்திருந்தால், வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய யூனிகோட் எழுத்தை ஒட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறும். "கோ" என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, அப்படியே பொறித்துவிடுவார். எனவே எழுத்தாக அனுப்பாதீர்கள். எழுத்துருவைக் கோட்டு வடிவமாக மாற்றிய பிடிஎஃப் அல்லது எஸ்விஜி கோப்பாகக் கொடுங்கள். முதலில் ஒரு அட்டையில் அதே அளவில் பொறித்துக் காட்டச் சொல்லி, வீட்டில் இரண்டு பேர் எழுத்துக் கூட்டிப் படித்த பிறகே வாட்சில் கைவைக்கச் சொல்லுங்கள்.

47 மில்லிமீட்டர் கேஸின் மூடிக்கு உள்ளே தட்டையான இடம் ஏறக்குறைய 36 மில்லிமீட்டர்தான் இருக்கும். எழுத்தின் உயரம் 3 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அந்த உயரத்தில் நடுவரியில் எட்டு எழுத்து கொள்ளும், மேலும் கீழும் இன்னும் குறைவு. இதைவிடச் சிறிதாக்கினால் முதலில் காணாமல் போவது புள்ளி. கோடு சீரான கனத்தில் இருக்கும் எழுத்துரு வேண்டும், மெல்லிய கோடும் தடித்த கோடும் கலந்த அலங்கார எழுத்து லேசரில் பாதி மறைந்துவிடும். பெயர், உறவு, தேதி மூன்றும் போதும். குறளை முழுசாகப் பொறிக்க ஆசைப்படுபவர்கள் அதை வாழ்த்து அட்டையில் எழுதலாம்.

எவர்சில்வரில் லேசர் கறுப்பாகப் பதியும், தெளிவாக இருக்கும். முலாம் பூசிய துத்தநாகத்தில் முலாம் எரிந்து அடியிலுள்ள சாம்பல் நிறம் தெரியும், சில வருடத்தில் அந்த ஓரங்களிலிருந்தே முலாம் உரியத் தொடங்கும். அந்தக் கேஸில் பொறிப்பதைவிட மெல்லிய பித்தளைத் தகட்டில் பொறித்துப் பெட்டியின் மூடியில் ஒட்டுவதே மேல். எந்தப் பக்கம் பொறித்தாலும் மெஷினையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டோ நன்றாக மூடிப் பாதுகாத்தோ செய்யச் சொல்லுங்கள், புகை கண்ணாடியில் படியும்.

எல்லாவற்றுக்கும் முன் வாட்சைச் சோதித்து முடித்திருக்க வேண்டும். பொறித்த வாட்சை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது. விழாவுக்கு மூன்று வாரம் முன்னால் வாங்கினால் ஒரு வாரம் சோதனைக்கு, ஒரு வாரம் பொறிக்க, ஒரு வாரம் தவறு நடந்தால் சரிசெய்ய என்று கணக்கு சரியாக இருக்கும். இணையத்தில் வாங்கினால் பார்சல் பிரிப்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

சோர் பஜாரில் பழையது தேடுபவர்களுக்கு

பேண்டி பஜாருக்குப் பக்கத்தில் மட்டன் தெருவில் பழைய பாக்கெட் வாட்சுகள் குவிந்து கிடக்கும். பம்பாயோடு நெருங்கிய தொடர்புள்ள வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி, ஃபாவ்ரே லூபா பெயர்களும், சென்னை மவுண்ட் ரோட்டு பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயர் போட்ட டயல்களும் கண்ணில் படலாம். தாத்தா வைத்திருந்தது போலவே ஒன்று கிடைத்தால் அதற்கு ஈடான பரிசு இல்லை. ஆனால் பரிசுக்காக அவசரத்தில் போய் வாங்கும் இடம் அது இல்லை. புதிதாக அச்சடித்த டயல், வேறொரு வாட்சின் மெஷின், மூன்றாவது வாட்சின் கேஸ் என்று சேர்த்த கதம்பங்களே அதிகம். சேகரிப்பாளர்கள் இவற்றை "மும்பை ஸ்பெஷல்" என்பார்கள். எச்எம்டி பெயரிலும் நிறைய உண்டு.

பின்மூடியைத் திறந்து காட்ட மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். திறந்தால் மெஷினில் பொறித்த பெயரும் டயலில் உள்ள பெயரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். கடைகள் தங்கள் பெயரில் டயல் போட்டு விற்கும் வழக்கம் அன்று இருந்ததால் மெஷினில் வேறு பெயர் இருப்பது மட்டுமே குற்றமில்லை. டயல் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா, நொடி முள் அதன் வட்டத்தின் மையத்தில் இருக்கிறதா என்பதே நல்ல சாட்சி. எனாமல் டயலில் மயிரிழை விரிசல் இருந்தால் பயப்பட வேண்டாம், நிஜ எனாமல் என்பதற்கு அது ஓர் அடையாளம். பழைய வெள்ளை டயல் என்று சொல்லி எழுத்துகள் பளபளவென்று கொஞ்சம் மங்கலான ஓரத்தோடு இருந்தால் புது அச்சு. விக்டோரியா, லண்டன் என்று பொறித்து, பக்கத்தில் திசைகாட்டியும் வைத்த பித்தளை வாட்சுகள் இன்றைய அலங்காரச் சாமான். வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் இன்னொன்றும் கவனியுங்கள்: நூறு வருடத்தைத் தாண்டிய பழம்பொருளைத் தனிநபர்கள் நாட்டைவிட்டு எடுத்துச்செல்ல 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை.

செவிலியருக்கு

அம்மாவோ அக்காவோ மகளோ ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர் என்றால், பாக்கெட் வாட்சின் நெருங்கிய உறவான மார்பு வாட்சை மறந்துவிட வேண்டாம். டயலின் 12 கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலைகீழாகத் தொங்கும், குனிந்தால் நேராகத் தெரியும். நோயாளியைத் தொடும் கையில், மணிக்கட்டில் எதுவும் கட்டக்கூடாது என்ற விதி உள்ள இடங்களில் இது அன்றாடத் தேவை. பார்க்க வேண்டியது இரண்டுதான்: நாடி எண்ணுவதற்குப் பெரிய நொடி முள், துடைத்துக் கழுவத்தக்க சிலிக்கான் உறை. சங்கிலி வைத்ததைவிட ஊசி வைத்தது நல்லது, ஊசிக்குப் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இதற்குச் சாவி வாட்ச் வேண்டவே வேண்டாம்.

கொடுக்கும் நாளன்று செல் வாட்ச் என்றால் நேரம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்படி பெட்டியில் வையுங்கள், கிரவுன் இழுத்தபடி இருந்தால் உள்ளே அழுத்துங்கள். சாவி வாட்ச் என்றால் விழாவுக்குக் கிளம்பும் முன் முழு சாவி கொடுங்கள், எஸ்டி 36, மோல்னியா வகைகள் மறுநாள் காலை வரை தாராளமாக ஓடும். பெட்டிக்குள் வைக்கும் தாளில் இவ்வளவு எழுதினால் போதும்: தினமும் ஒரே நேரத்தில் சாவி, தடுத்ததும் நிறுத்தம், கிரவுனை அழுத்தியபடி மூடியை மூடுவது, கைப்பேசிக்குப் பக்கத்தில் வைக்காதது, அடுத்த சர்வீஸ் எந்த வருடம், எந்த மெக்கானிக்.